மற்றும் பலர்

நாவலம்புலத்தில் யார் செத்தாலும் முதலில் டொக்டருக்குச் சொல்வார்கள், அடுத்ததாகக் கதிரவேலருக்கு. டொக்டர் சில வேளை வர மாட்டார். கதிரவேலர் கட்டாயம் வருவார், ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் எடுத்துக்கொண்டு. நீலப் பேனை உயிரோடு இருக்கும் உறவினருக்கு. சிவப்பு, காலஞ்சென்றவர்களுக்கு.

அவர் நாவலம்புலம் பிரதேச சபையில் பிரதம லிகிதர், எழுத்தர்களுக்கெல்லாம் மூத்தவர். அந்த உத்தியோகத்துக்கு இப்போது நீளமான புதுப் பெயர் ஒன்று வந்திருக்கிறது. ஊரில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. முப்பத்தாறு வருட சேவை. ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம். ஆனால் ஊர் அவரை மதித்தது சபைக்காக அல்ல, மரண அறிவித்தலுக்காக.

அது இலேசான வேலை என்று நினைப்பவர்கள் நாவலம்புலத்தில் ஒன்றை எழுதிப் பார்க்க வேண்டும். இறந்தவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யார் யாருக்குத் தகப்பன் என்பதுவரை எல்லோரும் எழுதுவார்கள். அதற்கு அங்காலே காடு. மைத்துனர், சகலன், சம்பந்தி, பெறாமக்கள், மருமக்கள், பேரர், பூட்டர். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அவர் இருக்கும் நாடு. ஒழுங்கு வயதுப்படி. ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வராது. எட்டுச் செலவுக்கு வராதவர்கள் அடுத்த கலியாணத்துக்கு வர மாட்டார்கள். அந்தக் கலியாண வீடியோவை லண்டனில் பார்ப்பவர்கள், "ஏன் அவையைக் காணேல்லை?" என்று கேட்பார்கள். பிறகு லண்டனிலும் இரண்டு குடும்பங்கள் கதை பேச்சில்லாமல் போகும்.

கதிரவேலர் எழுதிய அறிவித்தலில் பெயர் விடுபட்டதில்லை. கை உளைகிறது என்று ‘மற்றும் பலரின்’ என எழுதி முடித்ததும் இல்லை. அவர் வாழ்க்கையில் விட்ட பிழை ஒன்றே ஒன்று. அளவெட்டித் தம்பிஐயாவைச் சிவப்புப் பேனையால் எழுதிவிட்டார். அறிவித்தல் வந்த அன்று மத்தியானம் ஒரு முதியவர் பஸ்ஸில் வந்து இறங்கிக் கேற்றைத் தட்டினார்.

"நான் காலஞ்சென்ற தம்பிஐயா. கதிரவேலர் நிக்கிறாரோ?"

கதிரவேலரின் மனைவி குணலட்சுமி அவரை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். இரண்டாம் தரமும் போட்டாள். "செத்த மனுசனுக்கு உப்பிடிப் பசிக்குமோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அவர் மூன்றாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். கதிரவேலர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

சபைக்குச் செபநாயகம் செயலாளராக மாற்றலாகி வந்தது தை மாதம். குருநகர்க்காரர், கத்தோலிக்கர், நாற்பத்தைந்து வயது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடிதத்தை வாசிக்கிற பழக்கம் உள்ளவர். சபைக்கு அது புதிது.

வந்து மூன்றாம் கிழமை ஒருநாள் காலையில் அவர் கந்தோருக்குள் நுழைந்தபோது இருபத்திரண்டு கதிரைகளில் இருபது வெறுமையாக இருந்தன. காவலாளியைக் கூப்பிட்டார்.

"மற்ற ஆக்கள் எங்கை?"

"செத்தவீடு, சேர்."

"எல்லாருக்குமோ?"

"ஒரு செத்தவீடுதான், சேர். எல்லாருக்கும் சொந்தம்."

"அப்ப நீங்களும் அந்த இளம் லிகிதரும் சொந்தமில்லையோ?"

"நாங்களும் சொந்தம்தான், சேர். அவையோடை கோவம்."

அன்று தண்ணீர் பவுசர் ஓடவில்லை. குப்பை எடுபடவில்லை. செயலாளர் தானே தொலைபேசியை எடுத்து, "வணக்கம், நாவலம்புலம் பிரதேச சபை" என்று பதினொரு தரம் சொன்னார். மறுநாளிலிருந்து அவரிடம் இரண்டு மாற்றங்கள். ஒன்று, காலையில் வரவு இடாப்பைப் பார்க்குமுன் பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தைப் பென்சிலோடு வாசித்தார், இன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்துகொள்ள. மற்றது, அலுமாரியில் கிடந்த ஒரு சுற்றுநிருபத்தைத் தூசி தட்டி வெளியே எடுத்தார். நேர்முகப் பரீட்சை நடத்துபவர்கள், விண்ணப்பதாரர் எவரும் தமது நெருங்கிய உறவினர் அல்லர் என்று எழுத்தில் பிரகடனம் செய்ய வேண்டும் என்றது அது. பொய்யான பிரகடனத்துக்கு ஒழுக்காற்று விசாரணை.

உண்மையில் சபையில் யாரும் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுத்ததில்லை. சாரதி தேவை என்று விளம்பரப் பலகையில் ஒட்டுவார்கள். அந்தப் பலகையை வாசிப்பவர்கள் சபையில் வேலை செய்பவர்கள் மட்டும்தான். அவர்கள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். ஒரு கிழமையில் சாரதி வந்துவிடுவார், சபைக்குள் எல்லோரையும் முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு.

இப்போது நூலகத்துக்கு உதவியாளர் ஒருவர் தேவைப்பட்டது. நேர்முகம் நடத்துவது மூன்று பேர்: செயலாளர், நூலகர் உதயகலா, பிரதம லிகிதர் கதிரவேலர். விண்ணப்பம் பதினாறு. ஏழாவது விண்ணப்பம் சாருஜாவினுடையது. சாருஜா கதிரவேலரின் பெரியப்பா மகன் சுதாகரனின் மகள், கதிரவேலருக்குப் பெறாமகள்.

சுதாகரன் ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கு வெங்காயத்தோடு வந்தார். ஐம்பது வயது, தோட்டக்காரர், எதையும் கத்தித்தான் சொல்வார்.

"இது லஞ்சமில்லை அண்ணை. வருசா வருசம் தாறதுதானே."

"போன வருசம் நீ அரைச் சாக்குத்தான் தந்தனி."

"போன வருசம் விளைச்சல் இல்லை." சுதாகரன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏதோ பத்திரம் வைக்கினமாம். நீங்கள் என்ன எழுதப் போறியள்?"

"பெறாமகள் எண்டு எழுதுவன். எழுதிப்போட்டு அண்டைக்கு வெளியிலை நிப்பன்."

"விசரே உங்களுக்கு? நீங்கள் வெளியிலை நிண்டா உள்ளை ஆர் எங்கடை ஆள்?"

"அங்கை எங்கடை ஆள் எண்டு ஒண்டும் இருக்கக்கூடாது. அதுதான் பத்திரம்."

"நெருங்கின சொந்தம் எண்டா என்னெண்டு அதிலை விளக்கம் போட்டிருக்கோ?"

போடப்பட்டிருக்கவில்லை. அதைக் கதிரவேலரும் இரண்டு தரம் தேடிப் பார்த்திருந்தார்.

"அப்ப பெண்சாதி பிள்ளை எண்டு வையுங்கோவன்," என்றார் சுதாகரன். "சாருஜா உங்கடை பெண்சாதியோ? இல்லை. பிள்ளையோ? இல்லை. வையுங்கோ கையெழுத்தை."

திங்கட்கிழமை கதிரவேலர் வைத்தார். பேனை மை வரவில்லை என்று சொல்லி இரண்டு தரம் உதறினார். மை நன்றாகத்தான் வந்தது. ஒழுக்காற்று விசாரணைக் கடிதங்களை இந்த முப்பத்தாறு வருடத்தில் மூன்று பேருக்கு அவரே அடித்து அனுப்பியிருக்கிறார். விசாரணை முடியும்வரை ஓய்வூதியக் கோவை அசையாது என்பது அவருக்கு மனப்பாடம். அந்த மூன்று பேரில் ஒருவர் கோவை அசையுமுன் சிவப்புப் பேனைக்குப் போய்விட்டார்.

நேர்முகம் நடந்தது. சாருஜா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பெரியப்பாவை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. போகும்போது மற்ற இருவருக்கும் வணக்கம் சொன்னது போலவே அவருக்கும் சொன்னாள். மூன்று பேரின் புள்ளிகளையும் கூட்டியபோது அவள் முதலாவதாக வந்திருந்தாள். நியமனக் கடிதம் வெள்ளிக்கிழமை கையெழுத்தாகும் என்றார் செயலாளர்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கனடாவிலிருந்து போன் வந்தது.

"கதிரண்ணை, நான் வாகீசன். அப்பா மோசம் போட்டார்."

வாகீசனின் அப்பா ஏரம்பு. கதிரவேலரின் அப்பாவுக்கும் சுதாகரனின் அப்பாவுக்கும் கடைசித் தம்பி. தொண்ணூற்றொரு வயது. கதிரவேலருக்கு அழுகை வந்தது. நல்ல மனிதர், சின்ன வயதில் கதிரவேலரைத் தோளில் வைத்துக்கொண்டு கேணிக்குக் குளிக்கப் போனவர். அழுது முடியும்வரை வாகீசன் காத்திருந்தான்.

"அண்ணை, அறிவித்தல் நீங்கள்தான் எழுதவேணும். நாளைக்கு விடிய இணையத்திலையும் பேப்பரிலையும் வரவேணும். ஒரு மணித்தியாலத்திலை அனுப்புவியளோ?"

கதிரவேலர் முகம் கழுவிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். பாதி அறிவித்தல் பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு எழுதினார்: ‘கதிரவேலு (பிரதம லிகிதர், நாவலம்புலம் பிரதேச சபை)’. பெறாமக்கள் பதின்மூன்று பேரில் அவர்தான் மூத்தவர். அடுத்தது பிரான்ஸ். அடுத்தது பிரான்ஸ். அடுத்தது கொழும்பு. ஐந்தாவதாக எழுதினார்: ‘சுதாகரன் (நாவலம்புலம்)’. ‘ஆகியோரின் பாசமிகு சிறிய தந்தையும்’ என்று முடித்தபோது பேனை நின்றது.

நாளைக் காலையில் செயலாளர் இதை வாசிப்பார். பென்சிலோடு வாசிப்பார். கதிரவேலரும் சுதாகரனும் ஒரே வரியில் ஒரே சித்தப்பாவுக்குக் கீழே இருப்பார்கள். சாருஜாவின் விண்ணப்பத்தில் தகப்பன் பெயரென்று இருந்தது அந்தச் சுதாகரன்தான், விலாசமும் அதே நாவலம்புலம்.

சுதாகரனின் பெயரை வெட்டினார். சுதாகரனின் முகம் நினைவுக்கு வந்தது. திரும்ப எழுதினார். தன் பெயரை வெட்டினார். எழுதினவர் பெயரே இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும்? அதையும் திரும்ப எழுதினார். கொப்பித்தாள் ஓட்டையாகிவிட்டது.

குணலட்சுமி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, எல்லாரையும் விடுங்கோ."

"என்ன?"

"ரெண்டு பேரை விட்டாத்தான் விட்டதாத் தெரியும். பதின்மூண்டு பேரையும் விட்டா ஒருத்தரையும் விட்டதாகாது."

முப்பத்து மூன்று வருட மணவாழ்க்கையில் அவள் சொன்னதில் இவ்வளவு கெட்டித்தனமானது எதுவும் இல்லை என்று அந்த நேரத்தில் அவருக்குப் பட்டது. எழுதினார்: ‘மற்றும் பலரின் பாசமிகு சிறிய தந்தையும்’. எழுதின கையைத் துவாயில் துடைத்தார்.

அனுப்பி இரண்டு நிமிடத்தில் வாகீசன் திரும்ப எடுத்தான்.

"அண்ணை, பெறாமக்களின்ரை பேர் ஒண்டையும் காணேல்லை?"

"இப்ப சுருக்கமாப் போடுறதுதான் தம்பி, நாகரிகம்."

"கனடாவிலை அப்பிடி இல்லையே."

"இஞ்சை மாறீட்டுது."

புதன்கிழமை காலை செயலாளர் வரவு இடாப்பு இருந்த மேசையில் பத்திரிகையை விரித்தார். கதிரவேலர் பக்கத்து மேசையில் ஒரு கோவையைத் தலைகீழாக வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கதிரவேலு அண்ணை, பிறப்பிடம் நாவலம்புலம் எண்டிருக்கு. இண்டைக்கு எத்தினை பேர் லீவு?"

"செத்தவீடு கனடாவிலை, சேர்."

"அப்பாடா," என்றார் செயலாளர். பிறகு அப்படிச் சொன்னதற்காக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "உங்களுக்குச் சொந்தமோ?"

"ஊர் ஆள், சேர்."

செயலாளர் பென்சிலைக் கீழே வைத்தார். கதிரவேலர் கோவையை நேராகத் திருப்பினார். பத்து மணிவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

பத்து மணிக்குச் சுதாகரன் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே அவர் குரல் உள்ளே வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து அவருக்குக் கனடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் ஒரே கேள்வி: உன்ரை பேரைக் காணேல்லையே, ஏரம்பற்றை ஆக்களோடை கோவமோ? ஏழாவது போனுக்குப் பிறகு அவர் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டரை நிற்பாட்டிவிட்டுப் புறப்பட்டிருந்தார். கையில் பத்திரிகை. காலில் செருப்பு இல்லை.

"எங்கை கதிரண்ணை?"

பொதுமக்கள் இருக்கும் வாங்கில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கதிரவேலர் எழுந்து, கண்ணைப் பெரிதாக்கி, செயலாளரின் அறைப் பக்கமாகக் காட்டினார்.

"ஐயா, என்ன அலுவலா வந்தனீங்கள்? இலக்கம் எடுத்தனீங்களோ?"

"ஐயாவோ?" என்றார் சுதாகரன். "நான் உங்களுக்கு ஐயாவோ?"

"வரிசையிலை இருங்கோ ஐயா, கூப்பிடுவம்."

"கண்ணை உருட்டாதேங்கோ அண்ணை! என்ன கண்ணிலை தூசியோ? உதென்ன எழுதியிருக்கிறியள்? மற்றும் பலரோ? நான் மற்றும் பலரோ?"

வாங்கில் இருந்த ஒருவர் அடுத்தவரிடமிருந்து பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். "மெய்தான், பெறாமக்கள் ஒருத்தரும் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "கதிரவேலர் எழுதினதாமோ?" என்று இன்னொருவர் நம்பாமல் கேட்டார்.

செயலாளர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஆர் இவர்?"

கதிரவேலர் மேசையில் கிடந்த கோவையைக் கையில் எடுத்தார். "வரியிறுப்பாளர், சேர்."

சுதாகரன் ஒரு கணம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அந்த ஆறு பேரும் அன்றுதான் கண்டார்கள்.

"வரியிறுப்பாளர்," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு செயலாளரிடம் திரும்பினார். "சேர், நீங்கள் படிச்ச மனுசன். கேளுங்கோ. என்ரை அப்புவும் இவற்றை அப்புவும் செத்துப்போன ஏரம்புச் சித்தப்பாவும் ஒரு வயித்துப் பிறப்பு. நேற்றுப் பின்னேரம் தொடக்கம் ரெண்டு பேருக்கும் ஒரே துடக்கு. முப்பத்தொரு நாள். நானும் கோயில் வாசல் மிதிக்கேலாது, இவரும் மிதிக்கேலாது. எங்கையேன் வரியிறுப்பாளருக்கும் பிரதம லிகிதருக்கும் ஒரே துடக்கு வருமோ, சேர்?"

செயலாளருக்கு இந்தக் கேள்வி எந்தச் சுற்றுநிருபத்திலும் வந்ததில்லை. நூலகத்திலிருந்து சத்தம் கேட்டு வந்து நின்ற உதயகலாவைப் பார்த்தார்.

"உதயகலா, முப்பத்தொரு நாள் துடக்கு எண்டா எவ்வளவு நெருக்கம்?"

உதயகலா கதிரவேலரைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள்.

"நல்ல நெருக்கம், சேர்."

"மூண்டு நாள் துடக்கும் இருக்கோ?"

"இருக்கு, சேர். அது தூரம். முப்பத்தொண்டுக்கு மேலை இல்லை."

"சரியாச் சொன்னா பிள்ளை!" என்றார் சுதாகரன்.

செயலாளர் அவரிடம் மிக மரியாதையாகக் கேட்டார். "உங்கடை பேர் என்ன, ஐயா?"

"சுதாகரன்."

"நூலக வேலைக்கு விண்ணப்பிச்ச சாருஜா..."

"என்ரை மோள்!" என்றார் சுதாகரன் பெருமையோடு. "அவள் வலு கெட்டி—"

அந்தச் சொல்லை அவர் முடிக்கவில்லை. கதிரவேலரின் கண் இப்போது உருளவில்லை; மூடியிருந்தது. சுதாகரன் கையிலிருந்த பத்திரிகையை நான்காக மடித்தார். அதை மறுபடி எட்டாக மடித்தார்.

"நான் பேந்து வாறன், சேர்," என்று சொல்லிவிட்டு, ஓசைப்படாமல் வெறுங்காலோடு வெளியே போனார்.

பின்னேரம் மூன்று மணிவரை செயலாளர் கதிரவேலரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது மேசையில் ஒரு கடிதம் அடித்துத் தயாராக இருந்தது. எதிரே இருந்த கதிரையைக் காட்டினார்.

"கதிரவேலு அண்ணை, உங்களுக்கு இன்னும் நாலு மாதம்."

"ஓம், சேர்."

"நீங்கள் போனா இந்தக் கந்தோரிலை ஒரு கோவையும் எனக்குக் கண்டுபிடிக்கேலாது. அதாலை மட்டும் சொல்லேல்லை. இதை வாசியுங்கோ."

கதிரவேலர் கண்ணாடியைப் போட்டார். நேர்முகம் இரத்து, வேறு சபை உத்தியோகத்தர்களைக் கொண்டு திரும்ப நடத்தப்படும். அதற்குக் கீழே: விண்ணப்பதாரியின் தகப்பனார் பிரதம லிகிதரின் தூரத்து உறவினர் என்பதால் பிரகடனத்தில் அது கவனக்குறைவாக விடுபட்டது, வாய்மொழி எச்சரிக்கையுடன் முடிவுறுத்தப்படுகிறது.

"இதிலை ஒரு கையெழுத்து. இந்த அறைக்குள்ளை முடிஞ்சுது," என்றார் செயலாளர்.

கதிரவேலர் பேனையை எடுத்தார். திரும்ப வாசித்தார். பேனையைத் தாளில் வைத்தார், எடுத்தார்.

"சேர், ‘தூரத்து’ எண்டு போட்டிருக்கு."

"ஓம். நான்தான் போட்டனான்."

"அவர் தூரமில்லை, சேர்."

"தெரியும், அண்ணை. காலமை நானும் அங்கைதானே நிண்டனான். நான் உங்களைக் காப்பாத்தப் பாக்கிறன்."

"விளங்குது, சேர்."

"அப்ப வையுங்கோ."

வெளியே பவுசர் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதிரவேலர் ஓய்வூதியக் கோவையை நினைத்தார். அலுமாரியின் எந்தத் தட்டில், எந்தக் கோவைக்குக் கீழே அது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பச்சை மட்டை. ஒரு பக்கமும் பழுதில்லாத கோவை. பிறகு ஏரம்புச் சித்தப்பாவை நினைத்தார். நேற்று அவருக்குப் பெறாமக்களே இல்லாமல் செய்தாயிற்று. இன்றைக்கு, ஊரில் மிச்சம் இருக்கிற பெரியப்பா மகனைத் தூரத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவும் எழுத்தில், மூன்று பிரதிகளில்.

"சேர், இந்தக் கடிதத்தை அடிச்சது ஆர்?"

"மேர்சி. ஏன்?"

மேர்சி சபைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தட்டெழுத்தாளர், கரையூரிலிருந்து வருபவள், இந்த ஊரில் ஒருவருக்கும் சொந்தமில்லை. அவள் யாருக்கும் சொல்ல மாட்டாள். கையெழுத்து வைக்காததற்கு ஊர் பேசும் என்கிற பயத்தைச் சாட்டாகச் சொல்லவும் அவருக்கு வழி இல்லை.

கதிரவேலர் ‘தூரத்து உறவினர்’ என்பதன் மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தார். மேலே சிறிய எழுத்தில் எழுதினார்: ‘பெரிய தந்தையின் மகன்’. யோசித்துவிட்டு ஒரு காற்புள்ளி போட்டார். ‘ஒரே துடக்கு’ என்றும் எழுதினார். பக்கத்தில் திருத்தத்துக்கான சுருக்கொப்பம் வைத்தார். கீழே முழுக் கையெழுத்து.

செயலாளர் அதை வாங்கி வாசித்தார். நெடுநேரம் வாசித்தார்.

"துடக்கும் எழுதத்தான் வேணுமோ, அண்ணை?"

"மேலிடத்திலை விளக்கம் கேப்பினம், சேர். அவைக்கும் இலேசா விளங்கும்."

"இனி இது மேலை போகத்தான் வேணும். விசாரணை வரும்."

"ஓம், சேர்."

"நாலு மாதத்திலை முடியாது."

"எனக்குத் தெரியும், சேர். முந்தி நான்தானே அனுப்பிறனான்." எழுந்தவர், கதவடியில் நின்று திரும்பினார். "அந்தக் கடிதத்துக்கு முகப்புக் கடிதம் ஒண்டு வைக்கவேணும், சேர். மாதிரி என்ரை மேசை லாச்சிக்குள்ளை கிடக்கு. எடுத்துத் தாறன்."

எடுத்துக் கொடுத்தார். தனக்கெதிரான முகப்புக் கடிதத்தில் திகதி தவறாக இருந்ததைத் திருத்தியும் கொடுத்தார்.

நாலரை மணிக்கு அவர் வெளியே வந்தபோது கேற்றடியில் சுதாகரன் நின்றார். காலையிலிருந்து அங்கேதான் நின்றிருக்க வேண்டும். முகம் வெயிலில் கறுத்திருந்தது. மோட்டார் சைக்கிளை உதைத்தார். கதிரவேலர் பின்னால் ஏறினார். வண்டி சந்தியைத் தாண்டியது.

"என்னவாம்?" என்றார் சுதாகரன்.

"விசாரணையாம்."

"எனக்கோ?"

"எனக்கு."

"பென்சன்?"

"முடியும்வரை இல்லை."

மோட்டார் சைக்கிள் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. "நான் ஒரு விசரன், அண்ணை," என்றார் சுதாகரன். அதையும் கத்தித்தான் சொன்னார். "என்னை ஆரெண்டு எழுதினவை?"

"பெரியப்பற்றை மோன் எண்டு. நான்தான் எழுதினனான்."

சுதாகரன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். கொஞ்சத் தூரம் வண்டி மெதுவாகப் போனது.

"பிள்ளைக்கு வேலை?"

"திரும்ப நேர்முகம். சாவகச்சேரியிலையிருந்து ஆக்கள் வருவினம். அவள் அதிலையும் வருவாள், நீ பயப்பிடாதை. உதயகலா எழுபத்தெட்டுப் போட்டவ. செயலாளர் எழுபத்தாறு."

"நீங்கள்?"

கதிரவேலர் தோட்டங்களைப் பார்த்தார். "வெங்காயம் நல்லா வந்திருக்கு," என்றார்.

"அண்ணை, நீங்கள் எவ்வளவு போட்டனீங்கள்?"

"அம்பத்தொம்பது."

மோட்டார் சைக்கிள் நின்றது.

"அம்பத்தொம்பதோ?"

"கூடப் போட்டா சந்தேகப்படுவினம் எண்டு—"

"குருநகர் மனுசன். பிள்ளையை முந்திப்பிந்திக் கண்டதில்லை. எழுபத்தாறு போட்டிருக்கு. நீங்கள் அம்பத்தொம்பது?"

"சுதா, நான் சொல்லுறதைக் கேள்—"

"இறங்குங்கோ."

"வீடு இன்னும் ஒரு மைல் கிடக்கு."

"இறங்குங்கோ, அண்ணை."

கதிரவேலர் இறங்கினார். சுதாகரன் திரும்பிப் பாராமல் போனார். வண்டிச் சத்தம் தூரத்தில் குறைந்தது, பிறகு கூடியது. திரும்பி வந்து, எஞ்சினை நிற்பாட்டாமல் கால்களை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"திருத்தம் எப்ப வரும்?"

"இண்டைக்கு அனுப்பினா நாளைக்கு வரும்."

"பதின்மூண்டு பேரும்?"

"பதின்மூண்டு பேரும்."

"வயசு ஒழுங்கிலை?"

"வேறை எப்பிடி?"

"படத்தையும் மாத்தச் சொல்லுங்கோ. உதிலை சித்தப்பா சிரிக்கிறார்."

"சொல்லுறன்."

சுதாகரன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் போனார். கதிரவேலர் மிச்சத் தூரத்தை நடக்கத் தொடங்கினார். நடந்துகொண்டே விரலை மடக்கினார்: கதிரவேலு, பிரான்ஸ், பிரான்ஸ், கொழும்பு, சுதாகரன்.